அம்மா சாயலா, அப்பா சாயலா? மரபியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மரபியல் பாடம் வரும் வாரத்தில் மட்டும் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்பார்கள். பெற்றோர் கூட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும் யாராவது ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்து கேட்பார். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகள் தேர்வுக்கானவை. சிலவற்றின் பின்னால் ஒரு குடும்பத்தின் அழுகை இருக்கிறது. அவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

மரபணு, டி.என்.ஏ., குரோமோசோம் மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுக்குள் ஒன்று. டி.என்.ஏ. என்பது இழை. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அடங்க வேண்டுமே, அதனால் புரதங்களின் மேல் சுற்றிச் சுற்றிக் கண்டுகளாக இருக்கிறது. அந்தக் கண்டுதான் குரோமோசோம். மனிதருக்கு 46, அதாவது 23 ஜோடி. ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. 1956 வரை பாடநூல்களில் 48 என்றுதான் இருந்தது. ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவன் இருவரும் ஸ்வீடனில் கவனமாக எண்ணிப் பார்த்துத் திருத்தினார்கள்.

அந்த இழையில் ஒரு வேலைக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதிக்குப் பெயர் மரபணு. ஜீன் என்றாலும் அதுவே. தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். டி.என்.ஏ.வுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில், 23 குரோமோசோம் கொண்ட ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் நீளும் நூல் அது. அதில் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000.

அல்லீல் என்றால் என்ன?

பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் 'பாடபேதம்' என்று அடிக்குறிப்பு போடுவார்கள். ஒரே பாட்டுதான், ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொரு சுவடியில் வேறு சொல். அல்லீல் என்பது மரபணுவின் பாடபேதம். படியெடுத்தவர் கை தவறி எழுதிய எழுத்து அடுத்தடுத்த சுவடிகளுக்கும் போவதுபோல, டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போகலாம். அதுதான் சடுதிமாற்றம். பெரும்பாலான மாற்றங்களால் ஒரு கெடுதலும் இல்லை. சிலவற்றால் பொருளே மாறிவிடும்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது. இரண்டும் ஒரே பாடமாக இருக்கலாம், வெவ்வேறாகவும் இருக்கலாம். உள்ளே எழுதியிருப்பது ஜீனாக்கம். வெளியே தெரிவது புறத்தோற்றம். இந்த இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

ஓங்கு பண்பு என்றால் பலமானது, ஒடுங்கு பண்பு என்றால் பலவீனமானது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஒரு படி இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு, இரண்டு படிகளும் அதுவாக இருந்தால்தான் தெரிவது ஒடுங்கு பண்பு. இந்தப் பாடத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

கிரெகர் மெண்டல் என்ற துறவி 1856 முதல் 1863 வரை, இன்றைய செக் குடியரசில் உள்ள பெர்னோ நகரத்து மடாலயத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். ஏறத்தாழ 28,000 செடிகள். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டார். அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. காணாமல் போனதாக நினைத்த சுருக்கம் அப்படியே திரும்பி வந்தது. கலந்து நீர்த்துப்போகவில்லை, மறைந்திருந்தது. அதற்கு முன், பரம்பரை என்பது பாலும் டிகாக்‌ஷனும் கலப்பதுபோல என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். மெண்டல் 1866இல் இதை அச்சிட்டார். 1884இல் இறந்தார். 1900இல்தான் உலகம் அவர் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தது. அந்த 34 ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

சரி, சுருங்குவது ஏன்? மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதியின் மரபணு அந்தப் பட்டாணியில் பழுதாகியிருக்கிறது. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை மிஞ்சுகிறது, விதை தண்ணீரை அதிகம் இழுக்கிறது, காயும்போது சுருங்குகிறது. இரண்டு படிகளில் ஒன்று நன்றாக இருந்தாலே தேவையான நொதி கிடைத்துவிடும், விதை உருண்டையாகவே இருக்கும். 'ஓங்கு' என்பதற்கு இவ்வளவுதான் பொருள். ஒன்று இன்னொன்றை அடித்து வீழ்த்துவதில்லை.

ஓங்கு பண்புதான் ஊரில் அதிகம் இருக்கும் என்பதும் தவறு. ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாக வருகிறது. எத்தனை பேருக்கு ஆறு விரல் பார்த்திருக்கிறீர்கள்? ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு. அது எங்கும் இருக்கிறது.

ஹைபிரிட் வெண்டையில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் ஏன் அதே காய் வருவதில்லை?

எங்கள் பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகளோடு வெண்டைப் பூவில் கலப்பு செய்து பார்த்திருக்கிறேன். மறுநாள் விரியப்போகும் மொட்டை முதல் நாள் மாலையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதழைப் பிளந்து, நடுத்தண்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் மகரந்தப் பைகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் கெட்டது. பிறகு காகிதப் பையால் மூடி நூல் கட்டிவிடுவோம். மறுநாள் காலை முதல் பாடவேளைக்கு முன் பையைக் கழற்றினால், கருஞ்சிவப்பு வெல்வெட்டுபோலச் சூல்முடி நிற்கும். வேறு செடியின் மகரந்தத்தை அதில் தடவி மறுபடி மூட வேண்டும். காய் நெற்றாகும் வரை காத்திருந்தால் உள்ளே இருப்பதுதான் ஹைபிரிட் விதை.

அந்த விதையில் முளைக்கும் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு படி அப்பாச் செடியுடையது, மற்றது அம்மாச் செடியுடையது. அவற்றிலிருந்து விதை எடுத்தால் மெண்டலின் இரண்டாம் தலைமுறை வந்துவிடும். மறைந்தவை வெளியே வரும். ஒரு செடி நெட்டையாக, ஒன்று குட்டையாக, ஒரு காய் நீளமாக, ஒன்று சொர சொரவென்று. கடைக்காரர் விதையைக் கெடுத்துத் தந்துவிட்டார் என்று சந்தேகப்பட வேண்டாம், படிகள் பிரிந்து சேரும் முறையே அப்படி.

கரும்பு மட்டும் ஏன் மாறுவதில்லை என்று ஒரு விவசாயி மகன் கேட்டான். நல்ல கேள்வி. கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம், விதை போட்டு அல்ல. கரணை என்பது அதே செடியின் துண்டு. கலப்பு ஒருமுறை நன்றாக அமைந்துவிட்டால் அப்படியே நிற்கும். கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணல் வகையையும் கலந்து கோ 205 என்ற ரகத்தைத் தந்தது இந்த வழியில்தான். தலசேரியில் பிறந்த ஜானகி அம்மாள் அங்கே கரும்பின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர். 1945இல் சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையையே நூலாகக் கொண்டுவந்தார். என் மாணவிகளிடம் அவர் பெயரை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

கர்ப்பத்தில் குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

பிறக்காது. தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உயரமும் அப்படித்தான். அதனால்தான் இவற்றில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு வராது, இடைப்பட்ட சாயல்கள் எல்லாம் வரும். அப்புறம், நாக்கை உருட்ட முடிவது ஓர் எளிய ஓங்கு பண்பு என்று இன்னும் சில புத்தகங்களில் இருக்கிறது. அதுவும் சரியில்லை. ஒரே டி.என்.ஏ. உள்ள இரட்டையரிலேயே சில ஜோடிகளில் ஒருவர் உருட்டுகிறார், மற்றவரால் முடியவில்லை. நாக்கை வைத்து யாரும் தன் பெற்றோரைச் சந்தேகிக்க வேண்டாம்.

மூன்றும் பெண் குழந்தை. இது அம்மாவால் வந்ததா?

ஒரு பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட பெண், கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த மதிப்பெண் அட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாவதும் பெண் என்று மாமியார் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்களாம்.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். கருமுட்டை எப்போதும் எக்ஸ்தான் கொண்டுவரும், அதனிடம் வேறு இல்லை. விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்து சேர்ந்தால் ஆண். எனவே அம்மா இதில் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த விந்தணு முந்தும் என்பதை அப்பாவும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த அப்பாவையும் அழைத்து உட்காரவைத்து, காகிதத்தில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் ஒரு பெண் என்பதையும் சொல்ல வேண்டும். நெட்டி ஸ்டீவன்ஸ் 1905இல் மாவுப்புழு வண்டின் செல்களை ஆராய்ந்து, ஆண் வண்டின் விந்தணுக்களில் பாதியில் மட்டும் ஒரு சிறிய குரோமோசோம் இருப்பதைக் காட்டினார். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம்.

அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ. இது எப்படி?

முற்றிலும் இயல்பு. பள்ளி ரத்தப் பரிசோதனை முகாமுக்கு மறுநாள் ஒரு மாணவி வீங்கிய கண்களோடு வந்தாள். இரவெல்லாம் தூங்கவில்லை, நான் தத்துப்பிள்ளையா என்று கேட்டாள். ரத்த வகை மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. ஏ, பி, ஓ என்று அதற்கு மூன்று பாடபேதங்கள். ஏவும் பியும் தெரியும், ஓ தெரியாது. அவள் அப்பாவிடம் ஏ, ஓ. அம்மாவிடம் பி, ஓ. இருவரும் ஓவைத் தந்தால் பிள்ளை ஓ. அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால் நான்கும் நான்கு வகையாகக்கூட இருக்கலாம். அதேபோல, இருவரும் பாசிட்டிவாக இருந்து குழந்தை நெகட்டிவாகப் பிறப்பதும் நடக்கும்.

பெற்றோரில் ஒருவர் ஓ, பிள்ளை ஏபி என்று வந்தால்தான் நின்று பார்க்க வேண்டும். முதலில் எல்லோருக்கும் மறுபரிசோதனை. முகாம் அவசரத்தில் சொட்டு மாறிப்போவது நடக்கிறது. அதற்கும் அப்பால் பம்பாய் ரத்த வகை என்று ஒன்று உண்டு. 1952இல் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் மும்பையில் கண்டறிந்தது. ஏ, பி இரண்டும் எச் என்ற ஓர் அடிப்பொருளின் மேல்தான் ஒட்டும். எச்சே இல்லாதவரிடம் ஏ மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது, சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் பிள்ளைக்கு அந்த ஏ போய்விடும். இவர்களுக்குச் சாதாரண ஓ ரத்தம் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து, பம்பாய் வகைதான் வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் குழந்தைக்குக் குறை வருமா?

கட்டாயம் வரும் என்பதும் பொய், ஒன்றும் ஆகாது என்பதும் பொய். கணக்கைப் பார்ப்போம்.

ஒரு பாட்டியிடம் ஏதோ ஒரு நோய்க்கான பழுதான படி ஒன்று மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நோய் இல்லை, நல்ல படி ஒன்று இருக்கிறது. அது மகனுக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு, அந்த மகனிடமிருந்து அவர் மகளுக்குப் போக மறுபடி இரண்டில் ஒன்று. ஆக, பேத்திக்கு வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மகள் வழிப் பேரனுக்கும் அதே நான்கில் ஒன்று. இந்த இருவரும், அதாவது அத்தை மகனும் மாமன் மகளும், மணந்தால் இருவரிடமும் அது இருக்க 16இல் ஒரு வாய்ப்பு. இருவரிடமும் இருந்தால் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒன்று. மொத்தம் 64இல் ஒன்று. அதே பேத்தி வெளியில் மணந்தால்? அந்தப் பழுதான படி ஊரில் 100 பேரில் ஒருவரிடம் இருப்பதாக வைத்தால், 1,600இல் ஒன்று. அக்கா மகளைத் தாய்மாமன் மணந்தால் 32இல் ஒன்று.

இது ஒரு நோய்க்கான கணக்கு. நம் ஒவ்வொருவரிடமும் இப்படி மறைந்த பழுதுகள் சில உண்டு. பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆக, அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள். ஏற்கெனவே மணந்து நன்றாக வாழ்பவர்களைப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. ஆனால் சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்காக, குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தையை இழந்த பிறகும் அதே வழியில் பெண் எடுப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

நேரடிச் சொந்தமே இல்லாவிட்டாலும், பல நூறு ஆண்டுகளாக ஒரே வட்டத்துக்குள் மணந்துவரும் சமூகங்களில் இதே சிக்கல் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) ஆய்வாளர்கள் பங்கேற்று 2017இல் வெளியான ஆய்வு தெற்காசியச் சமூகங்களில் இதை விரிவாகக் காட்டியது.

கேரியர் என்று அறிக்கை வந்திருக்கிறது. நான் நோயாளியா?

இல்லை. ஒரு பழுதான படியும் ஒரு நல்ல படியும் இருப்பவர் கேரியர். அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். சிக்கிள் செல் என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். பதினோராவது குரோமோசோமில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஜி.ஏ.ஜி. என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி.டி.ஜி. அவ்வளவுதான். இரண்டு படிகளும் அப்படி இருந்தால், ஆக்சிஜன் குறையும்போது ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்து மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. கை, கால், முதுகு என்று தாங்க முடியாத வலி வரும். வெளியே காயம் எதுவும் தெரியாததால், வகுப்பில் அந்தப் பிள்ளை நடிக்கிறது என்று சொல்லிவிடுவோம். ஆசிரியர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்தப் பண்பு இருப்பது 1952இலேயே ஆய்வில் தெரியவந்தது. மலேரியா மிகுந்த இடங்களில் ஒரு படி மட்டும் உள்ளவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைத்தது, அதனால் அந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. ஒரு காலத்தில் உயிர் காத்த எழுத்து அது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேரியர் ஒருவர் கேரியர் அல்லாதவரை மணந்தால் குழந்தைக்கு இந்த நோய் வராது, கேரியராக மட்டும் இருக்கலாம். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு.

முதல் குழந்தைக்கு வந்துவிட்டது. அடுத்த மூன்று குழந்தைகளுக்கு வராதுதானே?

அப்படி இல்லை. தாயக்கட்டைக்கு நினைவு கிடையாது. போன முறை தாயம் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே 25 சதவீதம்தான். இந்த ஒரு தவறான நம்பிக்கையால் இரண்டாவது குழந்தைக்குப் பரிசோதனையே செய்யாமல் விட்ட வீட்டை எனக்குத் தெரியும்.

நிறக்குருடு ஏன் பையன்களுக்கே அதிகம்?

சிவப்பு, பச்சை பிரித்தறியும் மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. பையனுக்கு ஓர் எக்ஸ்தான், அது பழுதானால் மாற்று இல்லை. பெண்ணுக்கு இன்னொன்று இருக்கிறது. என் வகுப்பில் ஒருவன் இலைகளுக்கெல்லாம் பழுப்பு வண்ணம் தீட்டினான், கவனக்குறைவு என்று திட்டு வாங்கினான். விசாரித்தால் அவன் தாய்மாமனுக்கும் அப்படியே. பாட்டியிடமிருந்து ஒரே எக்ஸ் மாமனுக்கும் அம்மாவுக்கும் வந்து, அம்மா வழியாக இவனுக்கு வந்திருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியாவும் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறது.

பிறவியிலேயே இருந்தால் அது பரம்பரை நோய்தானே?

எப்போதும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும் என்று 1959இல் ஜெரோம் லெஜோன் குழுவினர் வெளியிட்டார்கள். பெரும்பாலும் அது கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாததால் நேர்வது. முன்னோரிடம் இருந்து வந்தது இல்லை. மறுபக்கம், பரம்பரையாக வரும் சில நோய்கள் 40 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எனக்கும் வருமா?

வாய்ப்பு கூடுதல், விதி என்று எதுவும் இல்லை. பல மரபணுக்களும் சாப்பாடு, உடல் எடை, உழைப்பு எல்லாமும் சேர்ந்து வருவது அது.

அம்மாவிடம் இருந்து மட்டும் வருவது ஏதாவது உண்டா?

உண்டு. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. இருக்கிறது, 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அது அம்மா வழியில் மட்டுமே வருகிறது. பாட்டி, அவர் அம்மா, அவர் அம்மா என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

கல்யாணத்துக்கு முன் என்ன பரிசோதனை செய்யலாம்?

முழு ரத்த எண்ணிக்கையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனையும். தலசீமியா (இதுவும் ஹீமோகுளோபின் குறையால் பரம்பரையாக வரும் ரத்தசோகைதான்), அரிவாள் செல் இரண்டின் கேரியர் நிலையும் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். சிறிதளவு ரத்தம் போதும். குடும்பத்தில் வேறு நோய் ஏதாவது இருந்தால் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

போகும் முன் ஒரு வேலை. பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று தலைமுறைக்குக் குடும்ப வரைபடம் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மணந்தவர்களுக்கு நடுவே ஒரு கோடு, சொந்தத்தில் மணந்தவர்களுக்கு இரட்டைக் கோடு. யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். பாட்டி சிலரை விட்டுவிடுவார், இன்னொரு முறை கேளுங்கள். பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட குழந்தைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஆலோசகர் முதலில் விரல் வைக்கும் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.